தள்ளியிருக்கும் பங்க்கில் பெட்ரோல் விலை குறைவு: போய்ப் போடலாமா, காத்திருக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: உங்கள் பகுதியில் பெட்ரோல் விலை ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறை மாறுகிறது. 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பங்க்கில் எப்போதும் கொஞ்சம் குறைவு. அங்கே போய்ப் போடுவதா, விலை இறங்கும்வரை காத்திருப்பதா, ஏறுவதற்கு முன்பே கேனில் வாங்கி வைப்பதா? கச்சா எண்ணெய் சரிந்ததாகச் செய்தி வந்தும் பங்க்கில் ஏன் சரியவில்லை? நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ‘இந்த ஏற்ற இறக்கத்தில் நான் ஏமாறுகிறேனா, ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்’ என்பதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு விநியோக நிறுவனத்தில் வண்டிகளின் எரிபொருள் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கார், சிறிய வேன், பைக் வரைதான் என் பழக்கம். கனரக லாரிகளின் டீசல் கணக்கு வேறு மாதிரி, அதற்குள் நான் போகவில்லை. அரசே எல்லா இடத்துக்கும் ஒரே விலை நிர்ணயிக்கும் ஊரில் இருப்பவர்கள், பங்க்குக்குப் பங்க் விலை மாறுவது பற்றிய பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வெறும் பெருக்கல் கணக்கு. உங்கள் கார் லிட்டருக்கு 15 கி.மீ. தருகிறது, தள்ளியிருக்கும் பங்க்கில் விலை 3 சதவீதம் குறைவு, 30 லிட்டர் போடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது சுமார் 0.9 லிட்டரின் விலை. அதற்காகவே கிளம்பிப் போய்த் திரும்பினால் 10 கி.மீ., அதாவது 0.67 லிட்டர் எரிகிறது. கையில் நிற்பது கால் லிட்டருக்கும் குறைவு. வரிசையில் நின்ற நேரம், டயர், பிரேக் தேய்மானம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதே பங்க்கில் 10 லிட்டர் மட்டும் போட்டால் மிச்சம் 0.3 லிட்டர், செலவு அதே 0.67 லிட்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சரியாக இதுதான். பைக்காக இருந்தால் மைலேஜ் அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் போடுவது 5 லிட்டர், மிச்சம் 0.15 லிட்டர். லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் பைக்கும் 10 கி.மீ. போய்வர 0.22 லிட்டர் குடித்துவிடும். நஷ்டம்தான்.

இதைச் சூத்திரமாக வைத்துக்கொள்ளலாம். போடப்போகும் லிட்டர், வண்டியின் மைலேஜ், விலை வித்தியாசத்தின் சதவீதம் மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுங்கள். வரும் எண்தான் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நீங்கள் கூடுதலாக ஓட்டக்கூடிய கிலோமீட்டர், போக வர இரண்டும் சேர்த்து. மேலே சொன்ன காருக்கு அது 13.5. நான் அதில் பாதிக்கு மேல் போனால் வேண்டாம் என்றுதான் ஓட்டுநர்களிடம் சொல்வேன். ஆனால் அந்தப் பங்க் நீங்கள் எப்படியும் போகும் வழியில் இருந்தாலோ, ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் விலக வேண்டியிருந்தாலோ கதை மாறுகிறது. 2 கி.மீ. விலகலுக்கு 0.13 லிட்டர் போக, முக்கால் லிட்டர் உங்களுக்கு மிஞ்சும். பெட்ரோலுக்காகப் பயணம் போகாதீர்கள், போகும் பயணத்தில் பெட்ரோல் போடுங்கள்.

அடுத்தது, பங்க்குக்குப் பங்க் விலை ஏன் மாறுகிறது என்பது. எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்க்குகளில் வேறு விலை என்றால் ஒருவர் திருடுகிறார் என்று உடனே நினைக்க வேண்டியதில்லை. கடைசி லோடு எந்த நாளில் எந்த மொத்த விலைக்கு வந்தது, இடத்து வாடகை எவ்வளவு, பக்கத்தில் போட்டி உண்டா, சாலை நெடுஞ்சாலையா (அங்கே நிற்பவருக்கு வேறு வழியில்லை), பங்க்கோடு சேர்ந்த கடையில் என்ன சம்பாதிக்கிறார்கள், எல்லாமும் சேர்ந்துதான் பலகையில் ஏறும் எண். பெட்ரோல் விற்பனையில் பங்க்காரருக்கு லிட்டருக்கு நிற்பது பல நாடுகளில் மிகச் சொற்பம். தண்ணீர் பாட்டிலும் காபியும் விற்றுத்தான் பலர் கடையை ஓட்டுகிறார்கள். இன்னொன்றும் வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. பங்க்காரர் விலை வைப்பது தன் தொட்டியில் இருக்கும் சரக்கின் பழைய விலைக்கு இல்லை, அடுத்த லோடுக்கு அவர் கட்டவேண்டிய புது விலைக்கு. அதனால்தான் ‘பழைய ஸ்டாக்கை ஏன் புது விலைக்கு விற்கிறான்’ என்ற கோபம் எல்லா ஊரிலும் கேட்கிறது.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஏறும்போது உடனே ஏறுவதும் இறங்கும்போது ஆற அமர இறங்குவதும் உங்கள் பிரமை இல்லை. 1991-இல் ராபர்ட் பேக்கன் என்ற பொருளாதார ஆய்வாளர் பிரிட்டன் பெட்ரோல் விலையை வைத்து இதைக் காட்டினார். ராக்கெட் போல ஏறி இறகு போல இறங்குகிறது என்ற பெயரும் அவர் கட்டுரையோடு நிலைத்துவிட்டது. 1997-இல் போரன்ஸ்டைன், கேமரன், கில்பர்ட் மூவரும் அமெரிக்கச் சந்தையிலும் அதையே கண்டார்கள். நடக்கிறது என்பது உறுதி. ஏன் நடக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பங்க்குகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதுதான் காரணம் என்பார் சிலர். விலை ஏறும்போது நாம் நாலு பங்க் தேடுகிறோம், இறங்கத் தொடங்கியதும் ‘பரவாயில்லை, குறைந்துவிட்டது’ என்று தேடுவதை விட்டுவிடுகிறோம், அந்த அசட்டையில்தான் பங்க்காரர் இறக்கத்தை நீட்டுகிறார் என்பார் வேறு சிலர். எனக்கு இரண்டாவது விளக்கம்தான் அன்றாடத்தோடு பொருந்துவதாகத் தெரிகிறது. அது சரி என்றால் செய்யவேண்டியதும் தெளிவு: விலை இறங்கும் வாரத்தில்தான் பலகைகளை அதிகமாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பங்க்குக்குப் பங்க் இடைவெளி பெரிதாக இருக்கும்.

கச்சா எண்ணெய்ச் செய்தியை வைத்துப் பங்க் விலையைக் கணிக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண்வேலை. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அதைச் சுத்திகரித்து, அனுப்பி, வரி போட்டு, மார்ஜின் வைத்துத்தான் உங்கள் டேங்குக்கு வருகிறது. பங்க் விலையில் கச்சா எண்ணெயின் பங்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கச்சா 10 சதவீதம் விழுந்தாலும் பங்க்கில் சுமார் 4 சதவீதம்தான் இறங்க முடியும். லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான வரி உள்ள இடத்தில் அந்த வரி கச்சாவோடு சேர்ந்து இறங்காது. கச்சா விலை டாலரில் பேசப்படுவதால், அதே வாரத்தில் உங்கள் நாட்டு நாணயம் டாலருக்கு எதிராகச் சரிந்திருந்தால் அந்த 4-உம் காணாமல் போகலாம். 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூ.டி.ஐ. என்ற அமெரிக்கக் கச்சா எண்ணெய் ரகத்தை மே மாதத்தில் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொண்டால் காசும் தருகிறோம் என்ற நிலைமை. அன்று எந்தப் பங்க்கிலும் பெட்ரோல் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் எண்ணெயைச் சேமிக்க இடமில்லாதவர்களின் அவதி அது, உங்கள் தெருவின் விலை இல்லை. உள்ளூர் விலையைச் சட்டென்று ஆட்டுவது பெரும்பாலும் உள்ளூர்க் காரணங்கள்: பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் கோளாறு, குழாய்வழி நின்றுபோவது, வரி மாற்றம், சில நாடுகளில் குளிர்காலக் கலவையிலிருந்து கோடைக் கலவைக்கு மாறும் பருவம்.

இறங்கும்வரை காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு, உங்கள் சந்தை எந்த ரகம் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். சில நகரங்களில் விலை ஒழுங்கான சுழற்சியில் ஓடுகிறது. ஒரே நாளில் குதித்து ஏறும், பிறகு நாளுக்கு நாள் சில்லறை சில்லறையாக இறங்கும், அடியைத் தொட்டதும் மறுபடி குதிக்கும். ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்கள் இதற்குப் பேர்போனவை. பெர்த் நகரத்தில் இது பல வருடங்கள் வாரச் சுழற்சியாக இருந்தது, சிட்னி மெல்போர்னில் ஒரு சுற்று முடியப் பல வாரங்கள் ஆகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் பங்க்காரர்கள் நாளைய விலையை இன்று மதியமே அரசுக்குச் சொல்லிவிட வேண்டும், காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் அதை மாற்ற முடியாது. அங்கே ஓட்டுபவருக்கு ஊகமே தேவையில்லை. ஆஸ்திரியா 2011-இல் வேறு வழியில் போனது: ஒரு நாளில் ஒரே ஒரு முறை, மதியம் 12 மணிக்கு மட்டும் விலையை ஏற்றலாம், இறக்குவது எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று அப்போது விதி வைத்தது. ஜெர்மனியில் 2013 முதல் பங்க்குகள் ஒவ்வொரு விலை மாற்றத்தையும் உடனுக்குடன் தெரிவிக்க ஆரம்பித்த பிறகு, காலையில் உச்சமும் மாலையில் இறக்கமுமாக ஒரே நாளுக்குள் விலை ஆடுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு ‘செவ்வாய்க்கிழமை மலிவு’, ‘மாலையில் மலிவு’ என்று உங்கள் ஊருக்கும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு சந்தையின் பழக்கம் இன்னொன்றுக்குப் பொருந்தாது, அதே ஊரிலும் சுழற்சியின் நீளம் வருடத்துக்கு வருடம் மாறும். நீங்கள் தினமும் கடந்துபோகும் மூன்று பங்க்குகளின் விலையை ஆறு வாரம் குறித்து வாருங்கள். தேதி, நேரம், மூன்று எண்கள், அவ்வளவுதான். குதித்து ஏறிப் படிப்படியாக இறங்கும் வடிவம் வந்தால் உங்கள் ஊரில் சுழற்சி இருக்கிறது. அப்படியென்றால் ஒரு நல்ல அடையாளமும் கிடைக்கிறது. ஏற்றத்தை எல்லோரும் ஒரே நிமிடத்தில் செய்வதில்லை. முதலில் ஒரு பங்க் ஏற்றும், மற்றவர்கள் ஓரிரு நாளில் பின்தொடர்வார்கள். முதல் பங்க் ஏற்றியதைப் பார்த்த அன்றே இன்னும் ஏற்றாத பங்க்கில் டேங்கை நிரப்பிவிடுங்கள். விலைக் கணிப்பு என்ற பெயரில் சொல்லப்படுவதில் நான் நம்பிச் செய்வது இது ஒன்றுதான். எழுதிய எண்களில் எந்த வடிவமும் தெரியாவிட்டால் காத்திருப்பது சூதாட்டம். அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா என்று யாராவது உறுதியாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் காத்திருக்கவோ முந்திக்கொள்ளவோ டேங்கில் பெட்ரோல் இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்வரை ஓட்டுபவருக்குத் தேர்வே கிடையாது, அடுத்து எந்தப் பங்க் வருகிறதோ அதன் விலைதான் அவர் விலை. அது நெடுஞ்சாலைப் பங்க்காக அமைந்தால் கையைக் கடிக்கும். எங்கள் வண்டிகளுக்கு வைத்திருக்கும் விதி: மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதே. விலை இறங்கும் நாட்களில் கொஞ்சமாகப் போட்டு நாளைக் கடத்தலாம், ஏறத் தொடங்கினால் நிரப்பலாம். டேங்கை நிரப்பினால் பாரம் கூடி மைலேஜ் குறையும் என்று கேட்டிருப்பீர்கள். 20 லிட்டர் கூடுதல் என்றால் சுமார் 15 கிலோ. ஒரு காருக்கு அதன் விளைவு அரை சதவீதம்கூட வராது. பல கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. எப்போதும் வற்றவிட்டு ஓட்டுவது அந்தப் பம்புக்கும் நல்லதில்லை.

அதிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதில் அறிவியல் கொஞ்சம் உண்டு, பலன் இல்லை. பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும், அது உண்மை. ஆனால் பங்க்கின் தொட்டி நிலத்துக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறாது. இரண்டு டிகிரி மாறினாலும் 0.2 சதவீதம்தான், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அது போதாது. உங்கள் இன்ஜினுக்கு வேண்டாத உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதும் அப்படித்தான். கையேட்டில் கேட்டிருந்தால் மட்டும் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் விலை குறைவு என்றால் மட்டும் ஒரு கணம் நின்று யோசியுங்கள். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலவையில் மைலேஜ் சுமார் 3 சதவீதம் அடிபடும். அப்படியானால் 2 சதவீதம் விலை குறைத்துக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம் இல்லை. கலவை கூடக் கூட உங்கள் வண்டி அதை ஏற்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி என் மனதுக்கு முக்கியமானது. இவ்வளவு பாடுபட்டு விலையில் பிடிக்கக்கூடியது 2, 3 சதவீதம். அதைவிடப் பெரிய தொகை வலது காலில் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, திடீரென்று முடுக்கி திடீரென்று பிரேக் போடும் பழக்கம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜைக் குறைக்கக்கூடும். எங்களிடமும் ஒரே மாதிரி வேன், ஒரே வழி, ஒரே பாரம், இரண்டு ஓட்டுநர்கள் என்றால் மாதக் கணக்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குறைவாகக் குடிக்கும் வண்டியின் ஓட்டுநரைக் கவனித்தால், தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், கியரிலேயே வண்டி உருண்டு வரும், விளக்கருகே வரும்போது பல நேரம் பச்சை விழுந்திருக்கும். மற்றவர் அதே விளக்குவரை மிதித்து வந்து பிரேக்கில் நிறுத்துவார். வேகமும் இப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. மணிக்கு 90 கி.மீ.-இலிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 30 கி.மீ. பயணத்தில் அதனால் கிடைப்பது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. டயர் காற்றைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 0.2 சதவீதம்தான் இழப்பு, ஆனால் சரிசெய்யச் செலவே இல்லாததால் மாதம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூரைமேல் பெட்டி மாட்டியிருந்தால் தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள், நெடுஞ்சாலையில் அது நிறையத் தின்னும்.

இதெல்லாம் உங்கள் வண்டியில் பலிக்கிறதா என்று டாஷ்போர்டு எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள், அது பல கார்களில் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். பம்பின் நாசில் முதல் முறை ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்த முறையும் அதே முதல் ‘டக்’வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு தடவையில் தவறலாம், நாலைந்து தடவையின் சராசரி பொய் சொல்லாது. ‘டக்’ விழுந்த பிறகும் விளிம்புவரை திணிக்க வேண்டாம், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரித்தூள் வடிகட்டிக்குள் திரவம் போனால் பழுதுச் செலவு பெரிது.

வாடகைக்கோ டெலிவரிக்கோ ஓட்டுபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. உங்கள் சிக்கல் பெட்ரோல் விலையைவிட, கட்டணம் அதோடு நகராமல் நிற்பதுதான். கிலோமீட்டருக்கான மொத்தச் செலவில் எரிபொருள் 30 சதவீதம் என்றால், பெட்ரோல் 10 சதவீதம் ஏறும்போது கட்டணம் 3 சதவீதம் ஏறினால்தான் பழைய நிலை. நிரந்தர வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் பேசும்போதே அன்றைய விலையை அடிப்படையாக எழுதி, மாதம் ஒரு முறை ஏற்றமோ இறக்கமோ இந்த விகிதத்தில் சேரும் என்று போட்டுவிடுங்கள். இறங்கும்போதும் குறைப்பேன் என்று நீங்களே சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

கடைசியாகக் கேன். வேண்டாம். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து அடுப்பையோ சுவிட்சையோ தேடிப் போகும். ஒரு 20 லிட்டர் கேனில் 3 சதவீத ஏற்றத்தைத் தவிர்த்தால் மிச்சம் 0.6 லிட்டர். அதற்காக வீட்டுக்குள் கொண்டுவரும் பொருள் இல்லை இது. சில மாதங்களில் தரமும் கெட ஆரம்பிக்கும், பல இடங்களில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு. 2021 மே மாதத்தில் கணினித் தாக்குதலால் அமெரிக்காவின் கொலோனியல் குழாய்வழி சில நாட்கள் நின்றபோது, தென்கிழக்கு மாநிலங்களில் மக்கள் முண்டியடித்து வாங்கியதாலேயே பங்க்குகள் வேகமாகக் காலியாயின. பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் நிரப்பாதீர்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்பு விடவேண்டி வந்தது. பெட்ரோலைச் சேர்த்துவைக்க என்றே செய்யப்பட்ட, ஆவி வெளியேறாத, மோதினால் தாங்கும் பாத்திரம் உங்கள் வண்டியின் டேங்க்தான். ஏறப்போகிறது என்று தோன்றினால் அதை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம்.